ஆறு வேளைப் பசி

கனகத்தின் எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கியிருந்தது. ஆடிக் காற்றில் வந்த மூச்சுத்திணறலுக்கு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, துடியலூர் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் அக்ஷிதா அவளை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருசம் விறகடுப்புல மில்லுக்காரங்களுக்குச் சமைச்சுப் போட்டிருக்கீங்க. அந்தப் புகையில நுரையீரல் கெட்டது கெட்டதுதானுங்கம்மா. ஆனா, எடையை ஏத்தலாம். உங்களுக்கு மூச்சு இழுக்கறதே பெரிய வேலை. சாப்பாடு பத்தலைன்னா உடம்பு சதையைக் கரைச்சு எடுத்துக்கும். இளைச்ச உடம்புக்கு அடுத்த திணறல் சீக்கிரமா வரும், தாங்கவும் முடியாது. மார்கழிக் குளிருக்குள்ள நாப்பத்தொண்ணு ஆக்கோணும். வயிறு முட்டத் தின்னா மூச்சும் முட்டும். கொஞ்சங் கொஞ்சமா ஆறு வேளை சாப்புடுங்க."

கனகம் பணிவாகத் தலையாட்டினாள். கணவர் லட்சுமணசாமி ஆறு வேளையையும் அட்டையில் எழுதிச் சமையலறையில் ஒட்டினார்.

ஆனால் பதினோரு மணிக்கு அவர் ஆற்றி வைத்த ராகிக்கூழ் மதியம் வரை ஆடை படிந்து கிடந்தது. மறுநாள் கடலை உருண்டையும் அப்படியே இருந்தது.

"என்ன அம்மணி இது?"

"நீங்க இன்னும் சாப்புடலைங்களே."

முப்பத்து நான்கு வருடங்களாக அவள் அவருக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. காரமடை ரங்கநாதர் கோயிலில் தாலி ஏறிய அன்று அவளாகவே எடுத்துக்கொண்ட விரதம் அது.

"பெருமாளுகிட்டச் சொன்னதை டாக்டரம்மாவுக்காக மாத்தறதுங்களா?"

லட்சுமணசாமி வாதாடவில்லை. வாதாடினால் அவள் பதில் பேசுவாள். பேசினால் மூச்சு வாங்கும்.

மறுநாள் பதினோரு மணிக்கு, "வயிறு கபகபங்குது அம்மணி, அந்தக் கூழைக் கொண்டா" என்றார். அவர் குடித்த பிறகு அவளும் குடித்தாள். நாலு மணிக்கு நேந்திரம்பழம் கேட்டார். படுக்கப் போகுமுன் பாலும் எள்ளுருண்டையும் கேட்டார். அவரோ சர்க்கரைக்காரர், இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர். பொய் சொல்வது தவறுதான். ஆனாலும் இப்படிப்பட்ட பொய் பெருமாள் காதில் வேறு மாதிரி விழும் என்றே நம்புகிறேன்.

ஐப்பசியில் பரிசோதனைக்குப் போனார்கள். கனகம் நாற்பது கிலோ இருந்தாள். நர்ஸ் ராசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐயா, நீங்களும் ஏறுங்க பார்க்கலாம்!" என்றாள்.

அவர் ஆறு கிலோ கூடியிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முந்நூறு.

"ஏனுங்கய்யா, அம்மாவைத் தேத்தச் சொன்னா நீங்க தேறிட்டு வந்திருக்கீங்க!" என்று ராசம்மாள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களை யாருங்க ஆறு வேளை சாப்புடச் சொன்னது?"

லட்சுமணசாமி சுவரைப் பார்த்தார். கனகம் அவருடைய வயிற்றைப் பார்த்தாள். அங்கே சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இழுத்துக்கொண்டு நின்றது.

"பசின்னீங்களே?"

"பசிதான்."

"எனக்கா, உங்களுக்கா?"

ஆட்டோவில் வீடு வரும் வரை அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். கூழ் டம்ளரோடு பெருமாள் படத்தின் முன் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டா அம்மணி, பசி உசுரு போகுது."

"உங்களுக்கு உப்புப் போட்ட மோரு, அங்க இருக்குதுங்க. அதுவும் நான் குடிச்ச பின்னாடி." பிறகு படத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "சாமி, அவரு நல்லா இருக்கோணும்னுதான் இத்தனை நாளு பின்னாடி சாப்புட்டேன். இப்ப முன்னாடி சாப்புடறதும் அதுக்குத்தானுங்க."

டம்ளரை எடுத்து முதல் வாய் குடித்தாள். பாதி டம்ளரில் மூச்சு வாங்க நிறுத்தினாள். அவர் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தபடி காத்திருந்தார். மூச்சு அடங்கியதும் மீதியையும் குடித்தாள்.