இரண்டு முள் பேரம்

உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஓர் உயிருக்குப் பெயர் வைக்கும் உரிமை என்ன விலை? ஒரு செத்த நீர்க்காகம். அந்த ஆய்வுக்கூடத்தில் அது அவ்வளவு மலிவாகக் கைமாறியதுதான் மீன்காரிக்கு வயிற்றெரிச்சல்.

மீன்காரி என்பது உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர். வருடக்கணக்காக மீன் செவுளைக் கீறி, உள்ளே சுருண்டு கிடக்கும் தட்டைப்புழுக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது இனம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஆனால் குஞ்சைக் காட்டி இனம் அறிவித்தால் எவன் ஏற்பான்? வளர்ந்த புழு வேண்டும். அது வளர்வதோ மீன் தின்னும் பறவையின் குடலில். வலையில் சிக்கிச் செத்த நீர்க்காகம் ஒன்று பக்கத்து மேசைப் பறவைக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. நேற்று முளைத்தவன். அறுத்தான், கிடைத்தது. மரபணுச் சோதனையில் அவள் குஞ்சும் அவன் புழுவும் ஒரே இனம்.

கட்டுரையை நீட்டினான். "அக்கா, படத்தை மட்டும் ஒரு பார்வை பாத்துடுங்க."

எழுதியவர் இடத்தில் அவன் ஒருவன்தான். கடைசி வரியில், மீன் தந்து உதவியவருக்கு நன்றி. அவள் என்னவோ சந்தையில் கூடை வைத்திருப்பவள் மாதிரி! புழுவுக்கு அவன் மாமியார் பெயர்.

"மாமியார் பேரா?"

"இந்தப் புழுவும் ஒட்டினா விடாதுல்லக்கா. அவங்களுக்குச் சந்தோஷம் தாங்கல."

"எங்க ஒட்டும்னு சொன்னியா?"

"பறவையிலன்னு மட்டும் சொன்னேன்."

படத்தைப் பார்த்தாள். புழுவின் கழுத்தைச் சுற்றி முள்வரிசை. இடது பத்து, வலது பத்து. அவள் குஞ்சுகளில் பக்கத்துக்குப் பதினொன்று. பறவை செத்து நாளானதில் ஓர முள் உதிர்ந்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு அச்சேற விட்டால், பிறகு ஊரே சிரிக்கும். ஆனால் அதற்கு ஒரு வருடம் ஆகும். பொறாமைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"தம்பி, உன் படத்துல இல்லாத ரெண்டு முள் எங்கிட்ட இருக்கு."

அவள் நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினான். மறுபடி எண்ணினான். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"நன்றியைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுடறேன்க்கா."

"நன்றியை நீயே வச்சுக்கோ. என் பேரு முதல்ல."

"ரெண்டு முள்ளுக்கு முதலிடமா? அநியாயம்!"

"அப்ப இருபதோடயே அனுப்பு. உன் மாமியார் பொக்கை வாயோட அச்சேறட்டும்."

இழுத்துப் பறித்து, அவளுக்கு இரண்டாமிடம் என்று பேரம் படிந்தது.

ஆக, முள் இருபத்திரண்டு: அவன் பங்கு இருபது, அவள் பங்கு இரண்டு. பறவை ஒன்று, முதலிடத்துக்குப் போனது. மாமியார் ஒன்று, செலவில்லாமல் புழுவானார். மீன் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. அது பாக்கி.