ஜல்லிக்கு இடமில்லை

எங்கள் யார்க்‌ஷயர் ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வட்டப் பாத்தியில் இனிமேல் பூச்செடி கிடையாது, ஜல்லிதான் என்று நகராட்சி ஜனவரியில் சொன்னது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டு வின்னி அக்ராய்டு நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"செடியை நான் வளர்க்கிறேன். நீங்க அந்த மண்ணைத் தொடாம இருந்தா போதும்."

மே மாதக் கடைசிக்குள் நட்டுவிட்டால் பாத்தி பிழைக்கும் என்று முடிவானது.

பிப்ரவரியில் ஜன்னல் மேடைகளில் விதைத்தாள். ஏப்ரலில் எழுநூறு நாற்று. வீட்டுக்குள் இடம் போதாமல், கொல்லையில் செங்கல் அடுக்கிப் பழைய ஜன்னல் கண்ணாடிகளால் மூடிய பெட்டிகளில் வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காற்றும் நின்றுவிட்டது. வானொலியில் மைனஸ் ஐந்து என்றார்கள். நகராட்சிப் பூங்கா அதிகாரி த்வெய்ட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி இன்னிக்குக் குளிருக்குத் தாங்காதும்மா. காலையில எல்லாம் கறுத்துப்போயிருக்கும். விட்டுடுங்க, அலைச்சலாவது மிச்சம்."

"டீ வேணும்னா கேளுங்க, போட்டுத் தரேன். புத்திமதி வேண்டாம்."

அவர் போனதும் செய்தித்தாள், திரைச்சீலை, போர்வை என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து மூடினோம். அப்படியும் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. வின்னி கூடத்துக் கம்பளத்தின்மேல் கிடந்த சோபாவை நகர்த்தத் தொடங்கினாள்.

"ஏய், கம்பளத்தையா? போன வருஷம்தானே வாங்கின!" என்றேன்.

"அதான் நல்லா தடிமனா இருக்கு. நீ அந்த முனையைத் தூக்குறியா நார்மன், இல்ல த்வெய்ட்டைக் கூப்பிடவா?"

தூக்கினேன்.

விடியும்போது புல் முழுக்க வெள்ளை. கம்பளம் ஒரு ஓரத்தில் சரிந்திருந்தது. அங்கே செண்டுமல்லி நாற்றுகள் வெந்த கீரைபோல் கிடந்தன. பெட்டூனியா இலைகளில் பனி பொருக்காக ஒட்டியிருந்தது. பனி மெதுவாகக் கரையட்டும் என்று வெயில் படுமுன் அவற்றின்மேல் பச்சைத் தண்ணீர் தெளித்து, நிழலுக்குத் தாள் விரித்தாள். மதியத்துக்குள் அவை நிமிர்ந்தன.

செத்த தொண்ணூறு நாற்றையும் அவளே குப்பைக்குழிக்குக் கொண்டுபோனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, "விதைப் பொட்டலம் எங்கே? இன்னும் ஆறு வாரம் இருக்கு" என்றாள்.

அந்த ஆறு வாரமும் சாயங்காலம் மூடுவதும் காலையில் திறப்பதும்தான் எங்கள் பிழைப்பு. தெருக்காரர்கள் கேலி செய்துகொண்டே போர்வை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மே கடைசிச் சனிக்கிழமை நட்டுக்கொண்டிருந்தபோது த்வெய்ட் வந்தார். பாத்தியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"அடுத்த வருஷமும் நீங்கதானா?"

"நாங்கதான். நீங்களும் வாங்க. ஆனா கையை வீசிக்கிட்டு வராதீங்க."

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குழாயடியில் நிரம்பி நின்ற வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.