தாழிட்ட சமையலறை

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, கால் சில்லிடாமல் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். நம் பரோயே தீவில் கதவுக்குத் தாழ் போட்ட ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன்.

ரன்வாவின் மகள் சுன்னிவாவுக்குப் பதினோரு வயது. குடல் புண்ணாகிப் புண்ணாகி ஓரிடத்தில் சுருங்கிப் போயிருந்தது. கோபன்ஹேகனுக்குக் கூட்டிப்போய் அந்தத் துண்டை வெட்டித் தைக்க வேண்டும். அதற்குள் உடம்பு தேறவேண்டும் என்றார்கள் டாக்டர்கள். கிழங்கில்லை, ரொட்டியில்லை, கறியில்லை. பல வாரங்களுக்குச் சத்துப்பால் மட்டும். குடலும் ஓய்வெடுக்கும், எடையும் ஏறும். ஏறாவிட்டால் தையல் பிடிக்காமல் போகலாம். அப்போது குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பை மாட்டுவார்கள். பை மட்டும் வேண்டாமென்று அழுதாள் சுன்னிவா.

ஆடு வெட்டும் மாதம் அது. ஆட்டு ரத்தத்தில் மாவும் உலர்திராட்சையும் கலந்து இரைப்பையில் அடைத்துத் தைக்க, தெருப் பெண்கள் ரன்வாவின் சமையலறையில்தான் கூடுவார்கள். பிள்ளை ஏங்குமே! ரன்வா அடுப்பை அணைத்தாள், ஊரில் யாரும் செய்யாததைச் செய்து கதவைத் தாழிட்டாள். அவளும் கணவன் ஈலியும் இறைச்சி காயும் கொட்டகைக்குள் போய், நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டு வந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஹைனி கதவைத் தட்டினார். "என்னடி ரன்வா, உள்ள சாராயம் காய்ச்சுறியா?"

"அப்புறம் வாங்கண்ணே."

"தெருப் பூனையெல்லாம் உன் வாசல்ல காத்துக் கெடக்கு. அதுங்களுக்காவது காரணத்தச் சொல்லு!"

ரன்வா தாழை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த முறை எடை பார்த்தபோது முள் கீழே இறங்கியிருந்தது. வீடு திரும்பியதும் ரன்வா மகளை எதிரே உட்கார வைத்துக் கேட்டாள்.

"பாலைக் குடிக்கிறியா, கண்ணு?"

"பாதியக் கொட்டிடறேன்."

"ஐயோ, ஏண்டி?"

"எறங்கலம்மா. மேசையில நான் மட்டும். நீயும் அப்பாவும் கறி வாடையோட வந்து பசிக்கலன்னு பொய் சொல்றீங்க. பை மாட்டுனப்புறமும் இப்படித்தான் ஒளிஞ்சு திம்பீங்களா?"

அன்றே தாழைத் திறந்தாள் ரன்வா. பெண்கள் ஊசி நூலோடு வந்தார்கள். ஹைனி அவித்த ஆட்டுத்தலையோடு வந்து, மேசையருகே உட்கார்ந்து மெல்லத் தொடங்கினார்.

"மாமா, வாய மூடி மெல்லுங்க. அந்த ஆடே தேவலாம்," என்றாள் சுன்னிவா. சிரித்துக்கொண்டே கோப்பையைக் காலி செய்தாள். இன்னொன்றும் கேட்டாள். அதற்கப்புறம் ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.

ஆனால் நோய் காத்திருக்கவில்லை. வயிறு உப்பி வலி கூடியது. நாளைக்கே விமானம் ஏறச் சொல்லித் தொலைபேசி வந்தது.

"எடை போதுமா டாக்டர்?"

"போதாதும்மா. பை இல்லாம முடியுமான்னு வயித்தத் திறந்தாதான் தெரியும்."

போன வாரங்களை எந்தக் கொட்டகையில் போய்த் தேடுவாள்? ரன்வா மேசைக்குத் திரும்பினாள். எதிரே மகள் வலியோடு மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள். ரன்வா கையிலிருந்த இரைப்பையைத் தைத்து, கசிகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிரித்தாள். மறுபடி நெருக்கமாகத் தைத்தாள். மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

உங்கள் வீட்டு மேசையில் யாரும் தனியாக உட்காராதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் விழுங்குவதெல்லாம் உடம்பில் ஒட்டட்டும்.