யுஸ்ரியைக் கூப்பிட்ட குரல்

கடலோர ஊரான ஸ்ஃபாக்ஸின் வானொலியில் நாடகம் போட்ட காலத்தில் வசீலாவின் குரலுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. நாடகங்கள் நின்றுபோன பிறகு அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சில வருஷம் சும்மா இருந்தாள். அப்போதுதான் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக் கூடம் நடத்திய டாக்டர் ரவ்தா அவளுக்கு ஆள் அனுப்பினார்.

கூடத்தின் நடுவே ஒரு கட்டில். அதில் ஐந்து வயதுப் பையன் அளவுக்கு ஒரு பொம்மை. மூச்சு விடும், கண் சிமிட்டும், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி அடிக்கும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து மக்ரம் என்ற இளைஞன் அதன் நாடியையும் மூச்சையும் கூட்டிக் குறைப்பான். பிள்ளைக் குரலில் அதற்காகப் பேசவும் செய்வான். நர்ஸுகளும் புது டாக்டர்களும் நான்கைந்து பேராக வந்து, அது பொம்மை என்பதை மறந்து காப்பாற்றப் பார்க்க வேண்டும். உயிருள்ள பிள்ளையிடம் செய்துவிடக் கூடாத தப்புகளை இங்கேயே செய்து முடித்துவிடட்டும் என்பார் ரவ்தா. தாய் இல்லாமல் எந்தப் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அந்தத் தாய்தான் வசீலா.

டாக்டரின் கையைப் பிடித்து இழுப்பாள், ஊசியைத் தட்டிவிடுவாள், மயங்கி விழுவாள். எல்லாம் சொல்லிக் கொடுத்தபடி. பெயர் மட்டும் அவள் இஷ்டம். பெயர் இல்லாத பிள்ளைக்காகத் தனக்கு அழுகை வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்றன்றைக்கு வாயில் வந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

அந்தக் காலையில் வந்த குழுவில் அஹ்லாம் இருந்தாள். அவசரப் பிரிவு நர்ஸ், முப்பது வயது இருக்கும். கை நடுங்காத பெண் என்று ரவ்தாவே சொல்லுவார். வாந்தியும் பேதியுமாகத் துவண்டு வந்த பையன் என்று அன்றைய பாடம். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, நாடி இறங்கியது, பிறகு நின்றே போனது. அஹ்லாம் குனிந்து பொம்மையின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. புது டாக்டர் ஒருவன் வசீலாவின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். சுவரோரம் போய் நின்றவள் கூப்பிட்டாள்.

"யுஸ்ரி."

அலறவில்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்வதுபோல, கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுத்தாள். மறுபடியும் அதேபோல் கூப்பிட்டாள்.

அஹ்லாமின் எண்ணிக்கை நின்றது. அவள் வசீலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். கட்டிலை விட்டு விலகி, கையுறையோடு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் நாடி காட்டும் கருவி ஒரே சீராக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ரவ்தா பாடத்தை நிறுத்தச் சொன்னார்.

பாடம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுவது வழக்கம். அஹ்லாம் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பேரை யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலையே. 'பையன், அஞ்சு வயசு'ன்னு மட்டும்தான் எங்கிட்ட இருக்கு," என்றான் மக்ரம்.

எல்லோரும் வசீலாவைப் பார்த்தார்கள்.

"வாயில வந்துது," என்றாள் வசீலா. "வேற என்னன்னு சொல்றது?"

அஹ்லாம் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வசீலா யோசித்தாள். சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. நடித்த நாடகங்களிலும் இல்லை. அடுத்த வகுப்புக்குப் போகும்போது அனீஸ் என்று கூப்பிடுவதாக முடிவு செய்துகொண்டாள். கட்டிலருகே நின்று வாயைத் திறந்தாள். யுஸ்ரி என்றுதான் வந்தது, அதே இழுப்போடு. அதற்கடுத்த முறையும் அப்படியே.

"வசீலாம்மா, அந்தப் பையனை விடவே மாட்டீங்க போல," என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மக்ரம் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை தன்னுடையதாக இருந்தது. குரல் தன்னுடையதாக இல்லை.

வகுப்பு முடிந்தால் பொம்மையைத் தலையோடு துணி போட்டு மூடிவைப்பார்கள். அன்று கிளம்பிப் போன வசீலா பாதி வழியில் திரும்பி வந்து, துணியை அதன் கழுத்துவரை இறக்கிவிட்டாள்.

"தூசி படியும்மா," என்றான் மக்ரம்.

"படியட்டும். முகத்தை மூடாத."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஹ்லாம் வசீலா வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு பொட்டலம் காப்பித்தூள். அந்த ஊரில் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது அதுதான். வசீலா அதைப் பார்த்தாள். அஹ்லாமும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தவள்போலக் குனிந்து பார்த்தாள்.

"வெறுங்கையோட வரக் கூடாதேன்னு கடையில ஏறினேன். இதைத்தான் வாங்கியிருக்கேன், பாருங்க."

"பரவாயில்ல, உள்ள வா. எதுக்கு எனக்கு துக்கம் கேக்க வந்திருக்கே? என் பிள்ளை ரப்பர் பிள்ளை."

அஹ்லாம் உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். போன குளிர்காலத்தில் யுஸ்ரி என்று ஒரு பையன் அவசரப் பிரிவுக்கு வந்தான். அதே வயசு, அதே வாந்தி பேதி. செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை. பின்னால் பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து அலசிப் பார்த்தும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பையன் பிழைக்கவில்லை.

"கொஞ்சம் நினைவு இருந்தப்ப எங்கிட்ட கேட்டான், வசீலாம்மா. 'அம்மா வெளியில இருக்காளா'ன்னு. நான் அவன் கையில நரம்பு தேடிட்டிருந்தேன். பதில் சொல்லலை. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல."

"அவன் அம்மா?"

"கதவுக்கு வெளியில. உள்ள விடக் கூடாதுன்னு எங்க வழக்கம். கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அழுகை இல்ல, கத்தல் இல்ல. நீங்க கூப்பிட்டீங்களே, அப்படி. அந்தக் குரல் மாதிரின்னு சொல்லலை. அதே குரல்."

வசீலா நினைவைத் துழாவினாள். ரவ்தா அவளை முதன்முதலில் வரச்சொன்னதும் அதே குளிர்காலத்தில்தான். அன்று வழி தெரியாமல் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் அலைந்து, எங்கோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூடிய கதவின் முன் ஒரு பெண்ணின் முதுகு, பழுப்பு நிறச் சால்வை. அவ்வளவுதான் ஞாபகம். அவள் கூப்பிட்டாளா? கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். நடிகையின் காது, கேட்டவளுக்கே தெரியாமல் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்கத் தெரியாது என்று இப்போது தோன்றியது. ஒரு தாயின் குரலை அவள் கூடத்தில் போட்டுப் புழங்கியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு வீடு தெரியுமா?" என்றாள்.

"உப்பளத்துப் பக்கம். போன மாசம் கூடத் தெரு முனை வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். எந்த முகத்தோட போறது?"

வசீலா எழுந்து தலைத்துணியை எடுத்தாள். "இந்த முகத்தோடதான். சர்க்கரையை எடுத்துக்க. இது அவளுக்கு வாங்கினது."

பஸ் உப்பளக் கரையோடு போனது. தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன.

யுஸ்ரியின் அம்மா பெயர் ஜலீலா. முற்றத்தில் உட்கார்ந்து வியாபாரி ஒருவருக்காக வாதுமை உடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் மீன்பிடிப் படகோடு கடலில். வாசல் கதவு திறந்தே கிடந்தது. அவள் நிமிர்ந்து அஹ்லாமைப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை.

"கதவைச் சாத்தினவ நீதானே," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் பார்த்த முகத்தை அடையாளம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஆமாக்கா," என்றாள் அஹ்லாம்.

"உக்காருங்க ரெண்டு பேரும். யாராவது வருவாங்கன்னு இருந்தேன். அவனோட உள்ள இருந்தவங்க யாராவது. ரொம்ப நாள் இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

அஹ்லாம் பொட்டலங்களைத் தரையில் வைத்தாள். ஜலீலா அவற்றைத் தொடவில்லை. மடியிலிருந்த ஓடுகளை ஒருபக்கமாகத் தள்ளினாள்.

"ஏதாவது சொன்னானா?"

"உங்களைக் கேட்டான். அம்மா வெளியில இருக்காளான்னு."

"நீ என்ன சொன்னே?"

வசீலா தரையைப் பார்த்தாள்.

"ஆமான்னு சொன்னேன்," என்றாள் அஹ்லாம். "கதவுகிட்டயே நிக்கிறா, உன்னைத்தான் கூப்பிடறா, கேக்குதான்னு கேட்டேன். தலையைக் கதவுப் பக்கம் திருப்பினான்."

முப்பது வருஷம் வசனம் பேசியவள் வசீலா. பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அஹ்லாம் எந்த இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகளாக இருக்க வேண்டும்.

ஜலீலா மெல்லத் தலையாட்டினாள். பிறகு வசீலாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரும்மா? டாக்டரா?"

பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வசீலாவுக்கு மனசு வரவில்லை. "புள்ளைங்களுக்கு வைத்தியம் பாக்கறவங்க ஒரு பொம்மையை வச்சுப் பழகறாங்க. அந்தப் பொம்மைக்கு நான் அம்மா."

"அம்மான்னா என்ன செய்வீங்க?"

"அழுவேன். கூப்பிடுவேன்."

"உங்களை உள்ள விடறாங்களா?"

"உள்ளதான் நிப்பேன்."

ஜலீலா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். "எப்படிக் கூப்பிடுவீங்க? கூப்பிடுங்க, கேக்கறேன்."

"வேண்டாம்மா."

"கூப்பிடுங்க."

வசீலா எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி அந்தக் குரல் வராது. தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். கடைசி எழுத்து முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்று அடங்கியது.

ஜலீலா கண்ணை மூடிக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இல்ல," என்றாள். "முடிவைத் தூக்கணும். இறக்கினா வரமாட்டான். இறக்கினா நான் கோவமா இருக்கேன்னு ஒளிஞ்சுப்பான்."

பிறகு தானே கூப்பிட்டாள். அவன் போனதிலிருந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாள் என்று வசீலாவுக்குத் தோன்றியது. முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை தெளிவாக வந்தது, முடிவு மேலே ஏறி.

"யுஸ்ரி."

கூப்பிட்டுவிட்டுக் கழுத்தை லேசாகச் சாய்த்து வாசலைப் பார்த்தாள். அஹ்லாமும் பார்த்தாள். வசீலாவும் பார்த்தாள். அது பைத்தியக்காரத்தனம் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. தெருவில் ஏதோ ஒரு பிள்ளை ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. கிட்டத்தில் வந்தது. வாசலுக்கு நேரே ஒரு நொடி நின்றது. யாரும் தெரியவில்லை. பிறகு சத்தமே இல்லை.

ஜலீலா சுத்தியலை எடுத்து ஒரு வாதுமையை உடைத்தாள்.

"சாயங்கால பஸ் சீக்கிரம் போயிடும்," என்றாள். "கிளம்புங்க. கதவைச் சாத்த வேண்டாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அஹ்லாம் வெகுதூரம் போன பிறகு வாய் திறந்தாள். "நான் சொன்னது..."

"தெரியும்."

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குமோ?"

வசீலாவின் காதில் இன்னும் அந்தக் காலடிச் சத்தம் இருந்தது. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அஹ்லாமும் கேட்கவில்லை.

அந்த வாரமே வசீலா ரவ்தாவிடம் பேசினாள். தாயை ஓரமாகத் தள்ளுவதும் வெளியே அனுப்புவதும் பாடத்திலிருந்து போகட்டும் என்றாள். ஒரு நர்ஸ் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் தலைமாட்டிலேயே நிற்கட்டும், பிள்ளை எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லட்டும். ரவ்தாவுக்கும் அந்த எண்ணம் வெகுநாளாக இருந்தது. அந்த இடத்துக்கு முதலில் கை தூக்கியவள் அஹ்லாம்.

யுஸ்ரி என்ற பெயர் வசீலாவின் வாய்க்கு அதன்பிறகு வரவில்லை. வேறு பெயர்களும் வரவில்லை. பாடம் நடக்கும்போது பொம்மையின் தலைமாட்டில் உதட்டைப் பிரிக்காமல் நிற்பாள். அழுகையைவிட அது தாங்க முடியவில்லை என்று புது டாக்டர்கள் ரவ்தாவிடம் முறையிட்டார்கள். நெஞ்சை அழுத்துகிறவர்கள் நடுநடுவே அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளோ கழுத்தை லேசாகச் சாய்த்துக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.