எர்த் இல்லாத கார்

தளிப் பக்கம் நிலம் என்றால் நாராயணப்பன். நாராயணப்பன் என்றால் நிலம். முட்டைக்கோசும் ரோஜாவும் தன்னிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் முளைக்கின்றன என்று அவரே பல கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, ஓசூரில் கார்களுக்கு ஆடியோ செட் மாட்டுகிற சாஜித் சொல்லிவிட்டான்:

"உங்களுக்கு எர்த் இல்லணா."

"எட்டு ஏக்கரா வெச்சிருக்கறவனுக்கா?"

"உங்க காருக்குணா."

புதுக் காரில் ஆம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கரும் ஏறிய நாளிலிருந்து, பாட்டுக்கு அடியில் கொய்ங் என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏற்றும். ஊரார் சிரித்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் மனைவி பூவம்மாள் ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, "அந்த சத்தத்துல என்னால ஒக்கார முடியாது" என்று இறங்கியவள்தான். ராயக்கோட்டையில் மகள் பிரவீனா வீட்டுக்கு இன்றுவரை பஸ்ஸில் போகிறாள். அவளை முன்சீட்டில் வைத்து மகள் வாசலில் கொண்டுபோய் இறக்கத்தான் அவர் காரே வாங்கினார். இதை மட்டும் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

சாஜித் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்பு ஒயரைக் காட்டினான். "இதான் எர்த் ஒயர், வண்டித் தகரத்துல படணும்ணா. பெயிண்ட் மேல போல்ட்ட முறுக்கினா எப்படிப் படும்? டைனமோ இரைச்சல் அத்தனையும் ஸ்பீக்கருக்கு வந்துடுது."

"பெயிண்ட் மேல ஏன்டா முறுக்குன?"

"ஒரு கீறல் உழுந்தா கைய ஒடச்சிருவேன்னு பக்கத்துல நின்னது யாருணா?"

 நாராயணப்பன், பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு, "சுரண்டு" என்றார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் காசு அகலத்துக்குத் தகரம் பளிச்சிட்டது. ஒயரை அங்கே வைத்து முறுக்கினான். கொய்ங் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூவம்மாளிடம், "வந்து ஒக்காந்து பாரு, அப்புறம் சொல்லு" என்றார். பலகாரத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஓசூர் தாண்டும்வரை அவர் வாயைத் திறக்காமல் ஓட்டினார். பாட்டு தெளிந்த தண்ணீராக ஓடியது. அவள் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சானமாவுக் காட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள்: "அந்த சத்தம் இன்னும் போவலயே."

யானை நடமாடும் இடம், வண்டியை நிறுத்தாதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாட்டு மட்டுந்தான் வந்தது.

"எங்க இருக்குது?"

"இப்ப இல்ல."

வண்டி கிளம்பியது. பல்லவி திரும்ப வந்தது.

"இதா, இதான்" என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "அன்னிக்கும் இதேதான். யானக் காடாப் போச்சு, இல்லனா எறங்கியிருப்பேன்."

நாராயணப்பன் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.