டயர் மாற்றும்போது வந்த சிங்கம்

கலஹாரி பாலைவனத்து மணல் பாதையில் வண்டியின் டயர் வெடித்துவிட்டது. போன்ட்லே குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தங்கை செதுன்யா சட்டென்று வண்டிக்குள் தாவினாள்.

“அக்கா, பின்னாடி சிங்கம்! ஓடி வா!”

போன்ட்லே திரும்பினாள். முள்மரத்தடியில் ஒரு பெண் சிங்கம் பதுங்கியிருந்தது. ஓடினால் பாய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து நின்று, கையிலிருந்த ஸ்பானரைத் தலைக்குமேல் தூக்கினாள்.

“என்ன பார்வை? போ அந்தப் பக்கம்!” என்று பட்டி மாட்டை விரட்டுவதுபோல் அதட்டினாள். கண்ணை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

சிங்கம் வாலைச் சுழற்றி உறுமியது. பிறகு மெல்லத் திரும்பிப் புல்லுக்குள் போய்விட்டது.

“உனக்குப் பயமே இல்லையாக்கா?”

“உசிரே போயிடுச்சுடி. அதை அதுகிட்டயா சொல்ல முடியும்? வண்டிக் கூரைமேல ஏறிக் காவல் பாரு, நான் டயரை மாட்டிடுறேன்.”