பாசியில் இருக்கும் எய்கிச்சி

ஹினோதானி ஊரின் எய்கிச்சி, ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற இலையுதிர்காலத்தில் சிறுக்க ஆரம்பித்து, அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கண்ணுக்கே தெரியாமல் போனார். வேலையை விட்ட ஆண்கள் கொஞ்சம் சிறுத்துப்போவது அங்கே புதிதல்ல. சட்டை தொளதொளவென்று ஆகும், குரல் உள்ளே போகும், அத்தோடு நின்றுவிடும். எய்கிச்சிக்கு நிற்கவில்லை. புத்தாண்டு விருந்தில் மேசை எட்டுவதற்கு மூன்று தலையணை போட வேண்டியிருந்தது. பிளம் பூத்தபோது கைக்குட்டையில் படுத்துத் தூங்கினார். செர்ரி உதிர்ந்தபோது அவருக்கும் கறுப்பு எள்ளுக்கும் வித்தியாசம் பார்க்க அவர் மனைவி தமாயோ கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. உடுத்திய துணியும் கூடவே சிறுத்ததால் மானத்துக்குப் பங்கமில்லை. ஊர் டாக்டர், கடைசியாக அளக்க முடிந்தபோது இரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது என்று சொல்லி உப்பைக் குறைக்கச் சொன்னார்.

எய்கிச்சி வீட்டில் பேசியது மொத்தம் மூன்று சொல்: சோறு, குளியல், தூக்கம். கல்யாணமான நாள்முதல் அப்படித்தான். தமாயோவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் தொண்டையைச் செருமுவார். தமாயோ பட்டுத்தறி ஆலையில் வேலை பார்த்தவள். தறி ஓடும் கொட்டகையில் காது எதற்கும் உதவாது என்பதால் அங்கே பெண்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுக்கப் பேசித் தீர்ப்பார்கள். அதனால் புருஷனின் குரல் கொசு அளவுக்குத் தேய்ந்தபோதும் அவளுக்குச் சிரமமில்லை. மூன்று சொல்லுக்கு மூன்று வாயசைவு, அவ்வளவுதானே.

தப்பு குளியலில்தான் நடந்தது. வீட்டு ஆண் முதலில் இறங்குவதும், அதே வெந்நீரில் மற்றவர்கள் பின்னால் இறங்குவதும், மறுநாள் காலையில் மிச்சத் தண்ணீரை வீணாக்காமல் துணிக்கோ செடிக்கோ விடுவதும் அங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ஒரு கோப்பையில் குளித்துக்கொள்ளுங்கள் என்று தமாயோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். குடும்பத் தலைவர் கேட்கவில்லை. எள்ளைவிடச் சிறுத்த பிறகும் முழுத் தொட்டியில்தான் இறங்கினார், மடித்த வெள்ளைத் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு. அன்று மாலை அவர் கரையேறிவிட்டார் என்று நினைத்து அவளும் குளித்தாள். காலையில் வழக்கம்போலத் தொட்டியை வாளியில் மொண்டு வாசல் கல்லைச் சுற்றி வளர்ந்திருந்த பாசியில் ஊற்றினாள். சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டபோதுதான், குளியலறைப் படியில் அவருடைய மரச்செருப்பு இன்னும் கிடப்பதை, குண்டூசி முனையால் தொட்டுப் பார்த்து, தெரிந்துகொண்டாள்.

எய்கிச்சியின் அக்கா ஷிசுனோ அடுத்த தெருவில் பலகாரக் கடை வைத்திருந்தாள். செய்தி கேட்டதும் மாவுக் கையோடு வந்து பாசியைப் பார்த்து நின்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள்.

“என் தம்பிய வாளியில மொண்டு ஊத்திட்டியேம்மா. கழுநீர ஊத்துற மாதிரி.”

“செத்துட்டாருன்னு யாருக்கா சொன்னா? பாசியிலதான் இருக்காரு. ஈரம் இருக்கு, நெழலு இருக்கு. தேடி எடுக்குறேன்.”

ஷிசுனோ அதற்கு ஒப்பவில்லை. அவளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். கோயில் துறவியிடம் போய்ப் பேசி முடிவோடு திரும்பினாள்: முன்னோர்கள் வீடு வரும் ஓபோன் பண்டிகைக்குள் தம்பிக்கு ஈமச்சடங்கு செய்தாக வேண்டும், எலும்பு எடுக்க உடம்பு இல்லாததால் அந்தப் பாசியையே சுரண்டி எரித்து, சாம்பலைக் கலயத்தில் வைக்க வேண்டும். ஓபோன் வரைதான் தமாயோவுக்குத் தவணை. அதற்குள் அவர் உயிரோடு இருக்கிறார் என்று படம் எடுத்துக் காட்டினால் சரி. இல்லாவிட்டால் எய்கிச்சி தான் இருக்கும் பாசியோடே எரிக்கப்படுவார். தமாயோ அன்றைக்கே பேருந்து ஏறி நகரத்துக்குப் போய், பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு நுண்ணோக்கி வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

தமாயோவுக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. முதலில் அவள் கண்டுபிடித்த கருங்காடு அவளுடைய இமைமுடி. அடுத்தது, கறுத்த விளிம்போடு முழுநிலாபோல ஒன்று. உடனே படமெடுத்தாள். செல்போனை நுண்ணோக்கிக் குழலின் வாயில் பிடித்தால் கை ஆடியது. கழிவறைக் காகிதம் சுற்றிவந்த அட்டைக் குழலை வெட்டி, ரப்பர் வளையம் மாட்டி, போனை அதில் நிறுத்தினாள். நுண்ணுயிர்ப் பிரியர்கள் படம் போட்டுப் பெயர் கேட்கும் ஓர் இணையக்குழுவில் நிலாவைப் போட்டு, இது என் கணவரா என்று கேட்டாள். காற்றுக்குமிழி என்று பதில் வந்தது. அடுத்த படத்துக்குச் சட்டைநூல் என்றார்கள். அதற்கடுத்ததற்கு ஊசியிலை மரத்தின் மகரந்தம் என்றார்கள், ஆனால் நல்ல தெளிவு என்று பாராட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் எதையோ தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

அவள் விடுவதாக இல்லை. பாசியைப் பிழிந்து பார்க்கச் சொன்னார்கள். புருஷனைப் பிழிய முடியாது என்று, கொத்தைத் தலைகீழாகத் தட்டில் ஊறவைத்து இறங்கிய நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தாள். துளிமேல் மெல்லிய கண்ணாடி வைத்து மூட வேண்டும் என்றார்கள். நசுங்கிவிடுவாரே என்று நான்கு மூலைக்கும் களிமண் பொட்டு வைத்து உயர்த்தினாள். விளக்குச் சூடு படாமல் இருக்க ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தாள். பார்த்த துளியைப் பார்த்த இடத்திலேயே திரும்ப விட்டாள். கொஞ்ச நாளில் நூற்புழு தெரிந்தது, தலையில் இரட்டைச் சக்கரம் சுற்றுகிற உயிர் தெரிந்தது, எட்டுக் காலில் தடுமாறி நடக்கும் நீர்க்கரடி தெரிந்தது. ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பெயர் கேட்டு, நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை என்று மரியாதையாக விலக்கினாள். வாசலுக்கு வரும் தபால்காரர் முதல் பால்காரர் வரை பாசியை மிதிக்காமல் சுவரோரம் பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. தண்ணீர் ஊற்றினால் அவர் கால்வாய்க்கு அடித்துப் போய்விடுவார் என்று தமாயோ ஊற்றவில்லை. பாசி பழுத்து, பிறகு மொறமொறவென்று காய்ந்தது. ஷிசுனோ வந்து விரலால் தொட்டாள், பொடியாக உதிர்ந்தது. அவள் இந்தத் தடவை திட்டவில்லை, அதுதான் தமாயோவுக்குத் தாங்கவில்லை. ஓபோனுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. சுரண்ட ஒரு சின்னக் கரண்டியும் சுற்ற வெள்ளைத் துணியும் ஷிசுனோ கொண்டுவந்து படியில் வைத்திருந்தாள்.

அந்த மதியம் இணையக்குழுவில் யாரோ ஒருவர், கேட்காமலே, ஒரு வரி எழுதினார்: நீர்க்கரடி காய்ந்தால் சுருண்டு தூங்கும், ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும், அவசரப்படாதீர்கள். தமாயோ காய்ந்த கொத்து ஒன்றைத் தட்டில் வைத்து, ஊற்றுநீர் விட்டு, ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டாள். கரண்டியோடு வந்த ஷிசுனோவை உட்காரச் சொன்னாள். இருவரும் பார்லித் தேநீர் குடித்தார்கள். பொழுது சாயும் முன் தமாயோ ஒரு துளியை எடுத்து வைத்துக் குனிந்தாள். உருண்டையாகக் கிடந்த நீர்க்கரடிகள் ஒவ்வொரு காலாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் இன்னோர் உருண்டை இருந்தது. அது இரண்டே காலை நீட்டியது. பிறகு இரண்டு கையை நீட்டியது. சோம்பல் முறித்தது. தலைமேல் சதுரமாக, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

அவள் முதலில் படத்தை எடுத்தாள்; பழகிய கை ஆடவில்லை. குழுவில் போட்டு, என் கணவர் எய்கிச்சி என்று எழுதினாள். தலையில் இருப்பது உப்புப் படிகமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. ஒருவர் வைத்த பெயரை, அந்த உயிரை நன்றாக அறிந்த இன்னொருவர் ஆமோதித்தால்தான் அது நிற்கும் என்பது அங்கே விதி. எய்கிச்சியைப் பிறந்ததிலிருந்து அறிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். தமாயோ எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

ஷிசுனோ இமை முடியையும் ஜன்னல் கம்பியையும் திட்டி முடித்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“உப்பாவது ஒண்ணாவது. அது துண்டு. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான், கோணலா மடிப்பான். எங்கம்மா அடிச்சுக்கூடப் பாத்தாங்க, திருந்தல.”

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதோ வாயசைக்கிறான், என்ன சொல்கிறான் என்று கேட்டாள். தமாயோ வில்லையை மாற்றி, திருகை மயிரிழை திருப்பி, தறிக்கொட்டகையில் பார்த்ததுபோல உதட்டை மட்டும் பார்த்தாள். மூன்று வாயசைவும் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இது அந்த மூன்றில் ஒன்றில்லை. எய்கிச்சி கண்ணாடியின் இந்தப் பக்கம் திரும்பி, கையைக் குவித்து வாயருகே வைத்து, தமாயோ, தமாயோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகக் கூப்பிட்டாரோ. அவளுக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போனது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது அவர் வழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்.

“என்னம்மா, என்ன சொல்றான்?”

“குளிக்கணுமாம்கா.”

ஷிசுனோ கரண்டியை வைத்துவிட்டு வெந்நீர் போட எழுந்தாள். போகிற வழியில் தமாயோவின் போனில் ஆமோதிக்கிறேன் என்பதை விரலால் அழுத்தினாள். மறுநாள் வந்த துறவிக்குப் பலகாரமும் தேநீரும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் வாசலில் பாசியைப் பார்த்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மக்கள்தொகைக் கணக்கின்போது அந்த வீட்டில் இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டார்கள். பாசி இப்போது அகலத் தட்டில் ஜன்னலருகே இருக்கிறது. இன்றும் மாலையில் முதல் துளி வெந்நீர் எய்கிச்சிக்குத்தான். அதற்குப் பிறகு தமாயோ தொட்டியில் இறங்குகிறாள். காலையில் மிச்சத் தண்ணீரை வாளியில் மொண்டவுடன் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செடிக்கு ஊற்றுகிறாள். இப்போது அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.